நம்பர் அண்ணனும் செம்மஞ்சள் திலாப்பியாவும்

கண்டியில் நிறம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நிறங்களைப் படைத்த ஆண்டவர். மற்றவர் நம்பர் அண்ணன். இரண்டு பேருக்கும் தகராறு வந்தால் நான் நம்பர் அண்ணன் பக்கம்தான் நிற்பேன். இப்படி எழுதியதற்காக வருகிற ஞாயிறு பூசைக்குக் கொஞ்சம் முன்கூட்டியே போய் முழங்காலிட்டுக்கொள்கிறேன்.

நான் தையல்காரி. டவுனில் ஒரு துணிக்கடைக்கு எதிர்ச் சந்தில், மாடியில், இரண்டு மெஷின் போட்டிருக்கிறேன். அந்தத் துணிக்கடையில் வாசலை ஒட்டி இருப்பது நூல் கவுண்டர். அதற்குப் பின்னால் முப்பது வருடமாக நிற்பவர்தான் நம்பர் அண்ணன். பன்வில பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்தவர். அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. முதலாளி ஹாஜியாருக்கும் மறந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அவரும் "ஓய் நம்பர்" என்றுதான் கூப்பிடுவார்.

நூல் கம்பனிக்காரர்கள் ஷேட் கார்ட் என்று ஒன்று கொடுப்பார்கள். நூல் துணுக்குகளை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஓர் இலக்கம் போட்டிருக்கும். அந்த இலக்கம்தான் அவருக்கு நிறம். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்பதெல்லாம் சின்னப்பிள்ளைகள் பேச்சு. மார்க்கட்டில் தக்காளிக்கூடைக்கு முன்னால் நின்றால்கூட, "இன்னைக்கு வாங்காதீங்க தங்கச்சி. இன்னும் தொண்ணூத்தி ஒண்ணாத்தான் இருக்கு. தொண்ணூத்தஞ்சு வரட்டும்" என்பார். வியாபாரி முறைப்பான். அவன் ஏதோ விலையைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொள்வான்.

ஒருமுறை அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "எப்ப இருந்து கண் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவர், "திங்கக்கெழம முப்பத்தொண்ணு, டொக்டர். நேத்து முப்பத்திமூணு. இன்னைக்கு முப்பத்திநாலு" என்றிருக்கிறார். டொக்டர் தெர்மோமீட்டரைத் தேடியிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் ஓட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் கடை வாசலில் ஓட்டோவை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார். நம்பர் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, முன்பக்கம் நூத்தி எண்பது, பின்பக்கம் நூத்தி எண்பத்திரண்டு. எங்கயோ இடிச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காரு" என்றார். எனக்குத் தெரியாமல் இடித்து, எனக்குத் தெரியாமல் பெயின்ட் அடித்து, எனக்குத் தெரியாமலே அந்தக் கதையை முடித்துவிட்டதாக மனுசன் நிம்மதியாக இருந்திருக்கிறார். அன்று எங்கள் வீட்டில் சோறு வேகவில்லை, நான் வெந்தேன்.

நம்பர் அண்ணனிடம் நூல் வாங்க இரண்டு சட்டங்கள். ஒன்று, துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்கவே மாட்டார். இரண்டு, துணி காய்ந்திருக்க வேண்டும். "ஈரத்துணி ஒரு நம்பர் கூட்டிக் காட்டும் தங்கச்சி. ஈரத்துல எல்லாமே அழகுதான். காய்ஞ்சதுக்கப்பறம் என்னவோ அதான் நெறம்." போனில் படம் எடுத்துக்கொண்டு வருபவர்களை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். போன், ஈரத்துணியைவிடப் பெரிய பொய்க்காரன்.

இதெல்லாம் வாரநாள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம் வேறு.

ஞாயிறு கடை பூட்டு. மனுசன் விடியலில் தெல்தெனிய பஸ் ஏறிவிடுவார். கையில் தூண்டில், பையில் கால் றாத்தல் பாண் ரொட்டி, மழைக்கு நனையாமல் பொலித்தீனில் சுற்றிய பழைய ஷேட் கார்ட். விக்டோரியா நீர்த்தேக்கத்துக் கரையில், அணை கட்டியபோது மூழ்கி, தண்ணீருக்குள் இறங்கிப்போகிற பழைய தார் ரோடு ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து, பாணை உருட்டி முள்ளில் குத்தி, திலாப்பியா பிடிப்பார். பிடித்த மீனைச் சட்டைப்பை லேஞ்சியால் ஒற்றி ஒற்றித் துடைத்துக் காயவைத்து, வெயிலில் பிடித்து, ஷேட் கார்ட்டோடு ஒப்பிட்டு நம்பர் பார்ப்பார். உலகத்தில் மீனைத் துடைத்துவிட்டு நிறம் பார்த்த மனுசன் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

திலாப்பியாவுக்கு என்ன நிறம்? அடுப்புச் சாம்பல் நிறம். கார்ட்டில் அது நூற்றுப் பன்னிரண்டு. ஆனால் ஒரு திங்கட்கிழமை கவுண்டருக்கு மேலே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, நேத்து ஒண்ணு மாட்டிச்சு. அம்பத்தெட்டு" என்றார்.

அம்பத்தெட்டு என்றால் செவ்வந்தி மாலைக்குக் கட்டுகிற நூல். நல்ல கனிந்த செம்மஞ்சள்.

"மீனா அண்ணே?"

"மீனேதான். தலையில இருந்து வாலு வரைக்கும் ஒரே டை பண்ணாப்ல."

"எங்க அது?"

"விட்டுட்டேன்."

"ஏன்?"

"ஒரே ஒரு பீஸ்தானே இருக்கு. ஷோவுக்குப் போட்டிருக்கிற ஒத்தை பீஸ யாராச்சும் வெட்டுவாங்களா?"

இரண்டு மாதம் கழித்து இன்னொன்று: பாதி அம்பத்தெட்டு, பாதி நூற்றுப் பன்னிரண்டு, நடுவில் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி கோடு. அதையும் விட்டுவிட்டார். அடுத்தது வெள்ளைத் திட்டுத் திட்டாய். அதுவும் போயிற்று. படம் எடுக்கச் சொன்னால் போன் பொய் சொல்லும் என்பார். சாட்சி யார் என்றால் கொக்கு என்பார். காட்டில் வரிக்குதிரைக்கு வரி இருக்கலாமாம், ஆற்றுமீனுக்கு நிறம் மாறக் கூடாதா என்று என்னிடமே சண்டைக்கு வருவார். எனக்கானால் நம்புவதா சிரிப்பதா என்று தெரியாது. முன்னால் தலையாட்டிவிட்டு, படியேறிப் போய்ச் சிரிப்பேன்.

சிரித்தது நான் மட்டுமல்ல. கதை டவுன் முழுக்கப் பரவிவிட்டது. நூல் வாங்க வருகிறவர்கள், "அண்ணே, இது சாம்பலா செம்மஞ்சளா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்று நக்கலடித்தார்கள். பிறகு நக்கல் சந்தேகமாகிவிட்டது. மனுசனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு, சாம்பல் மீனைச் செம்மஞ்சள் என்கிறார், இவரிடம் நூல் வாங்கினால் என்னாகும்? ஹாஜியாரின் காதுக்கும் போயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

ஒரு கலியாணப் பெண்ணுக்குப் பருத்தி பிளவுஸ். புதுப் பருத்தியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் தோய்ச்சலிலேயே சுருங்கிவிடும். நனைத்தேன். காயவில்லை. கண்டியில் மழை பிடித்தால் விடுமா? நான்கு நாளாய் ஊரே சொதசொதவென்று கிடந்தது. கலியாணமோ தலைக்கு மேல். ஸ்திரிக்கைப் பெட்டியால் இரண்டு இழுப்பு இழுத்து, துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நம்பர் அண்ணன் துணியை விரலால் தொட்டார். "காய்ஞ்சதா தங்கச்சி?"

"காய்ஞ்சது, காய்ஞ்சது. சீக்கிரம் குடுங்கண்ணே!"

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், நம்பர் பார்த்து, நூல்கட்டையை எடுத்துத் தந்தார்.

மறுநாள் தைத்து முடித்த பிளவுஸ் நன்றாகக் காய்ந்தது. துணி வெளுத்துவிட்டது, நூல் வெளுக்கவில்லை. தையல் எல்லாம் பென்சிலால் கோடு போட்ட மாதிரி எடுத்துக் காட்டியது. கலியாணப் பெண்ணின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இது என்னா, ரோட்டு மெப்பா?" என்று கத்தினாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "நான் என்னா செய்ய, நூல் குடுத்தவரக் கேளுங்க!" என்று அவளையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், ஹாஜியாருக்கு முன்னால், அத்தனை ஆட்களுக்கு முன்னால் சொன்னேன்: "அண்ணே, மீன் பாக்கிற கண்ணால நூல் பாக்காதீங்க!"

அவர் அந்தப் பிளவுஸைக் கையில் வாங்கினார். "சரிங்க தங்கச்சி. வேற நூல் தர்றேன்" என்றார்.

அன்று பின்னேரமே ஹாஜியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். நூல் கவுண்டருக்கு வேறு ஆள். நம்பர் அண்ணன் மேல்மாடி ஸ்டோருக்கு. அந்த ஸ்டோரில் ஜன்னல் கிடையாது. இருப்பது முழுக்க லைனிங் துணிக் கட்டு. எல்லாம் வெள்ளை.

எனக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கூடவே, உண்மையை உரிய இடத்தில் சொல்லவும் சொன்னார். நான் அருள்நிறை மந்திரத்தைப் பத்துத் தடவை சொன்னேன். உரிய இடத்துக்கு மட்டும் போகவில்லை. ஆண்டவரிடம் சொல்லிவிடலாம், அவர் ஊரெல்லாம் சொல்ல மாட்டார். ஹாஜியாரிடம் சொன்னால் என்னிடம் யார் இனிப் பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள்?

"ஏம்மா, சொல்லிடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நீங்க ஓட்டோ இடிச்சதச் சொன்னீங்களா?" என்றேன். அவர் ஓட்டோவைத் துடைக்கப் போய்விட்டார்.

நம்பர் அண்ணன் மேல்மாடிக்குப் போவதற்கு முன் ஹாஜியாரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம். "ஒரு ஞாயித்துக்கெழம என்கூட வாங்க ஹாஜியார். என் கண்ணு எப்படின்னு நீங்களே பாத்துக்குங்க."

ஹாஜியார் நியாயமான மனுசர். "சரி ஓய். ஒரு செம்மஞ்சள் மீனக் காட்டு. காட்டினா கவுண்டர் ஒனக்கு. இல்லாட்டி மேல்மாடி. பொறகு வாய் தொறக்கப்படாது" என்று சொல்லிவிட்டு, எனக்கும் ஆள் அனுப்பினார். குற்றம் சாட்டியவள் சாட்சிக்கும் வர வேண்டுமாம்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, என் வீட்டுக்காரர் ஓட்ட, நாங்கள் நான்கு பேரும் ஒரே ஓட்டோவில் தெல்தெனிய போனோம். ஹாஜியார் சாதாரண ஆள் இல்லை. ஓட்டோவின் பின்ஆசனத்தில் முக்கால்வாசி அவரே. மீதிக் கால்வாசியில் நானும் நம்பர் அண்ணனும் தூண்டிலும். மடியில் புரியாணிப் பார்சல்கள். ஒவ்வொரு வளைவிலும் ஹாஜியார் எங்கள் மேல் சாய்ந்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்க மகள்" என்பார். ஊர் போய்ச் சேர்வதற்குள் அவரை எழுபது முறை மன்னித்திருப்பேன்.

வழியெல்லாம் நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டே போனேன். மாதாவே, ஒரு செம்மஞ்சள் மீனை அனுப்பும். அவருக்குக் கவுண்டர் கிடைத்துவிடும். நானும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. உமக்கு ஒரு மீன் பெரிய காரியமா?

பழைய தார் ரோட்டு ஓரத்தில் உட்கார்ந்தோம். ஹாஜியாருக்கு மடக்குக் கதிரை. ஷேட் கார்ட் அவர் கையில். அரை மணித்தியாலத்தில் ஒரு திலாப்பியா வந்தது. நம்பர் அண்ணன் லேஞ்சியை எடுத்து, குளித்துவிட்டு வந்த குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்தார். ஹாஜியார் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"என்னத்துக்கு ஓய் மீனத் தொடைக்கிற?"

"ஈரத்துல பாக்கக் கூடாதுங்க. நூத்திப் பன்னிரண்டு. சும்மா மீன்."

ஹாஜியார் கார்ட்டை வைத்துப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டேதான். "ம்" என்றார். அந்த மீன் பைக்குள் போயிற்று.

பிறகு ஒன்றுமில்லை. புரியாணி முடிந்தது. என் வீட்டுக்காரர் ஓட்டோவுக்குள் குறட்டை விட்டார். ஹாஜியார் இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் சாய்ந்து, கரையோரத்துச் செம்மண் தண்ணீரில் பட்டுத் தகதகத்தது. அப்போது தூண்டில் வளைந்தது பாருங்கள்! நம்பர் அண்ணன் எழுந்து நின்று இழுத்தார். மேல்தண்ணீரில் மீன் ஒரு புரள் புரண்டது.

செம்மஞ்சள்!

சத்தியமாய் நான் கண்டேன். என் வீட்டுக்காரர் ஓடி வந்து, "செம்மஞ்சள்டோய்!" என்று குதித்தார். ஹாஜியார் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "யா அல்லாஹ்! தீயப் போல இரிக்கி!" மாதாவே, நீர் நல்லாயிருக்க வேண்டும் என்று நான் நெஞ்சில் கைவைத்தேன்.

நம்பர் அண்ணன் மட்டும் குதிக்கவில்லை. மீனைக் கையில் எடுத்தார். துடைத்தார். திருப்பித் துடைத்தார். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், நிழலில் பிடித்துப் பார்த்தார்.

"நூத்திப் பன்னிரண்டு" என்றார்.

"என்னாது?"

"சும்மா திலாப்பியாங்க. ஆம்பளை மீனு, வயித்துல மட்டும் கொஞ்சம் செவப்பு ஓடியிருக்கு. மிச்சம் வெயிலும் செம்மண் தண்ணியும் செஞ்ச வேல."

எங்களுக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை நாளாய் அவர் செம்மஞ்சள் என்றார், நாங்கள் சாம்பல் என்றோம். இப்போது நாங்கள் மூன்று பேரும் செம்மஞ்சள் என்று அடித்துச் சொல்கிறோம், அவர் சாம்பல் என்கிறார்!

"ஓய்!" என்றார் ஹாஜியார். "நான் கவுண்டரத் தாறன்னு நிக்கிறன், நீ வேணாங்கிறியே! செம்மஞ்சள்னு ஒரு வார்த்த செல்லிப்போட்டு வா, வீட்ட போவோம்."

"அது எப்படிங்க ஹாஜியார்? காய்ஞ்சதுக்கப்பறம் நூத்திப் பன்னிரண்டா இருக்கே."

ஹாஜியார் கார்ட்டைப் பிடுங்கி மீன்மேல் வைத்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். எங்களுக்கும் காட்டினார். ஒரு நூலிழை வித்தியாசம் இல்லை. நூற்றுப் பன்னிரண்டு. மேல்தண்ணீரில் நாங்கள் கண்ட தீ எங்கே போனது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஹாஜியார் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். விரலை மடித்து மடித்துக் கணக்குப் போட்டார். "மீன் செம்மஞ்சள் இல்ல. அப்ப ஓய் தோத்தாய். ஆனா நம்பர் சரி. அப்ப ஒன் கண்ணு சரி. கண்ணு சரியெண்டா அந்தப் பழைய மீன் செம்மஞ்சள். அப்ப ஓய் வெண்டாய். இல்ல, நில்லு... மகள், நான் என்ன செல்ல வந்த?"

எனக்கும் தலை சுற்றியது.

"கண்ணு சரிதான்" என்றார் அவரே. "கவுண்டர் போனாலும் பொய் நம்பர் செல்லாத மனிசன். எல்லாம் சரி. அப்ப அந்தப் பிளவுசுக்கு நூல் நம்பர் ஏன் பிழையாப் போச்சி?"

எல்லாரும் நம்பர் அண்ணனைப் பார்த்தோம். அவர் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை வரவில்லை. இந்த மனுசன் ஒரு மீனுக்குக்கூடப் பொய் சொல்ல மாட்டேன் என்கிறார், நான் ஒரு கலியாண பிளவுசுக்காக இவரை வெள்ளைத் துணிக்குள் தள்ளிவிட்டேனே!

"ஈரம் ஹாஜியார்" என்றேன். "துணி ஈரம். காய்ஞ்சதான்னு அண்ணன் கேட்டாரு. காய்ஞ்சதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

ஹாஜியார் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். அவர் நம்பர் அண்ணனிடம் திரும்பினார். "முப்பது வருசம் துணி தொட்ட கை ஓய் அது. ஈரம் ஒனக்குத் தெரியல்லயா?"

"தெரிஞ்சுச்சுங்க. தொட்டப்பவே சில்லுன்னு இருந்துச்சு."

"அப்ப என்னத்துக்குக் குடுத்த?"

நம்பர் அண்ணன் கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிதான் சொன்னார்: "தங்கச்சி காய்ஞ்சதுன்னுச்சு. தங்கச்சி பொய் சொல்ற ஆள் இல்லையே. சரி, நம்ம வெரல்லதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்."

நான் எத்தனையோ பேரிடம் வாய் கொடுத்து ஜெயித்தவள். தார் ரோட்டில் அப்படியே குந்திக்கொண்டு அழுதேன். என் வீட்டுக்காரர் பதறிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். நம்பர் அண்ணன், "அட, விடுங்க தங்கச்சி, விடுங்க. ஒரு நூல்கட்டை சமாச்சாரம்" என்றார். ஹாஜியார் தொண்டையைச் செருமி, "நாளைக்கி நேரத்தோட கவுண்டருக்கு வா ஓய்" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் செம்மஞ்சள் மீன் உண்மையிலேயே இருந்ததா? நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் அவர் உண்மையைத்தான் சொல்வார், பிறகு எனக்கு இன்னும் குழப்பமாகிவிடும். கலியாணப் பெண்ணின் அக்காவிடமும் போய் என் பிழையை ஒத்துக்கொண்டேன். அவள் திட்டின திட்டை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

திங்கட்கிழமை காலை நான் ஒரு வேலையும் ஓடாமல், கடை திறக்க முன்னமே வாசலில் போய் நின்றேன். நம்பர் அண்ணன் குடையை மடக்கிக்கொண்டே வந்தார்.

"என்னா தங்கச்சி, இவ்வளவு வெள்ளன? நூல் வேணுமா?"

"இல்லண்ணே. சும்மாதான்."

சும்மா இல்லை. அவர் கவுண்டர் பலகையைத் தூக்கி, உள்ளே போய், நூல்கட்டைகளுக்கு முன்னால் நிற்பதை என் கண்ணால் பார்க்காமல் எனக்கு அன்று ஊசி கோர்க்க வந்திருக்காது.